டோலிக்கு நீங்கள் வைத்த பெயர்

என் கணவரும் இந்த அறிக்கையின் இணையாசிரியருமான உங்களுக்கு,

ஜவ்வாது மலையின் பிரசவத் திட்டம் பற்றிய நம் அறிக்கையை நீங்கள் திருத்தி அனுப்பியது கிடைத்தது. வலியெடுத்த பெண்ணை, கம்பில் போர்வை கட்டிய டோலியில் ஏற்றி, ஆம்புலன்ஸ் நிற்கும் தார்ச்சாலை வரை ஊரார் சுமப்பதை 'சிறப்பான சமூகப் பங்கேற்பு' என்று மாற்றியிருக்கிறீர்கள். சுமப்பவர்களுக்குப் படித்துக் காட்டினேன்.

"இன்னாம்மா, அப்போ ரோடு போட்டா எங்க பங்கு போய்டுமா?" என்றார் சடையன்.

அப்படி எந்த ஆபத்தும் இல்லை என்று தைரியம் சொன்னேன்.

கடைசி அத்தியாயத்தை முழுதாக அடித்து, 'கற்பனை ஆய்வாகாது' என்று குறித்திருக்கிறீர்கள். இந்த ஊரிலேயே ஒரு பிரசவ அறை இருந்தால் எப்படி இருக்க வேண்டும் என்று பெண்கள் சொன்னது அது. "சுடுதண்ணி அடுப்பு உள்ளயே இருக்கணும். ஆம்பளைங்க வெளிய குந்திக்கினு பங்கேற்கட்டும்" என்றாள் நிறைமாதக்காரி கோகிலவாணி. டோலியைப் பங்கேற்பு என்று சொல்லத் தேவைப்பட்ட கற்பனையில் பாதிகூட இதற்குத் தேவைப்படவில்லை.

குறைகளை மட்டும் எழுதினால் அவற்றுக்கு நல்ல பெயர் வைத்துவிடுகிறீர்கள். அதனால் அந்த அறையை வாசற்படி முதல் அப்படியே வைத்து, அறிக்கையை மேலிடத்துக்கு அனுப்பிவிட்டேன். அட்டையில் என் பெயர் மட்டும்தான் இருக்கிறது.

எப்போது வீட்டுக்கு வருகிறாய் என்று கேட்டிருந்தீர்கள். கோகிலவாணிக்குப் பிரசவம் ஆகட்டும். டோலிக்கு ஒரு தோள் குறைகிறது.

இப்போதைக்கு அறிக்கையில் மட்டும் பிரிந்திருக்கும்,
உங்கள் மனைவி