ஒத்தைக்காதனுக்கு இன்னொரு காது எதற்கு?

அண்ணா,

சாப்பாடு மேசையில் மூடியிருக்கிறது. சாப்பிடும் முன் ஃப்ரிட்ஜைத் திறந்து நீ செய்த காரியத்தைப் பார்.

நான் மெழுகுவத்தி வாங்கப் போன நேரத்தில் நான் செய்த பூனைக் கேக்கில் கை வைத்திருக்கிறாய். போனில் என்னிடமே பெருமை வேறு: "பூனைக்கு ஒரு காது விழுந்துடுச்சும்மா, மிச்சமிருந்த சர்க்கரை மாவுல நானே செஞ்சு ஒட்டிட்டேன்."

விழவில்லை அண்ணா! நம் வீட்டுப் பூனைக்கு எத்தனை காது? தினமும் உன் மடியில்தானே தூங்குகிறது? "அத்தை, கேக்கு நம்ம ஒத்தைக்காதன் மாதிரியே இருக்கணும். வேற பூனைன்னா எனக்கு வேணாம்" என்றாள் உன் மகள். அதற்காகவே இடப்பக்கத்து க்ரீமை வழித்து வழித்துச் சமமாக்கினேன். நான் எது செய்தாலும் அரைகுறை என்று முடிவே கட்டிவிட்டாயா? ஒரு வார்த்தை கேட்டால் வாய் தேய்ந்துவிடுமா?

அவள் விளையாடிவிட்டு ஆறு மணிக்கு வந்துவிடுவாள். அதற்குள் இடது காதை எடுத்துவிடு. கத்தியை வெந்நீரில் முக்கித் துடைத்து, மெதுவாக வழி. நானே எடுத்திருப்பேன், இந்த ஆத்திரத்தில் வழித்தால் பூனையின் கண்ணும் சேர்ந்து வந்துவிடும். மாலை வகுப்பில் இன்று தேர்வு வேறு. நான் வந்த பிறகுதான் கேக் வெட்ட வேண்டும்.

வலது காதைத் தொடாதே. அது நான் செய்தது.

பி.கு.: செருப்பு மாட்டியவள் மறுபடி வந்து பார்த்தேன். நீ செய்ததுதான் பூனைக் காது மாதிரி இருக்கிறது. என்னுடையது வாடிய இலை. அதைக் கழற்றிவிட்டு உன்னுடையதை வலப்பக்கம் வை. யார் செய்தது என்று அவள் கேட்டால், அத்தை என்று சொல். அதையாவது எனக்கு விட்டுக்கொடு.