ராத்தாவிடம் மாப்புக் கேட்ட வாரம்

ஜன. 19, திங்கள்
காலையில் தூறல். பிறகு நல்ல வெயில். காயப்போட்ட உடுப்பு தப்பியது.
வெள்ளிக்கிழமை உம்ராவுக்குப் புறப்பாடு. இன்னும் வாங்க வேண்டியவை: ஊசி, வெள்ளை நூல், முழங்கால் தைலம், என் வீட்டுக்காரருக்குச் செருப்பு (புதியது கடிக்கிறதாம்).
மக்காவுக்குப் போகுமுன், செய்த பிழைகளுக்கு எல்லோரிடமும் மாப்புக் கேட்க வேண்டும். அவர் நேற்றே முடித்துவிட்டார். பள்ளிவாசலில் வரிசையாகக் கைகொடுத்தால் ஆண்களுக்குச் சரி.
என்னுடையவர்கள்: முன்வீட்டு ராசம்மா அக்கா (கோழிக்குக் கல்லெறிந்தது). தையல் டீச்சர். மகளின் மாமியார். ராத்தா.
கடைசிப் பெயரை எழுதி, வெட்டி, மறுபடி எழுதினேன். கூடப்பிறந்த அக்கா. பேசி ஏழு வருடம்.

ஜன. 20, செவ்வாய்
மூன்று பேர் முடிந்தது. ராசம்மா அக்கா சிரித்தார். கல் ஒருநாளும் கோழியில் பட்டதில்லையாம். என் பயணத்துக்குப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிறாராம்.
ராத்தா வீட்டு ஒழுங்கை வரை போய்த் திரும்பிவிட்டேன். நான் ஏன் கேட்க வேண்டும்? என் மகள் சஃப்னாவுக்கு முதலில் பேசிய மாப்பிள்ளை வீட்டாரிடம், பிள்ளைக்கு ஆஸ்துமா என்று சொல்லிக் குழப்பியது ராத்தாதானே.
மகளுக்குப் போன் எடுத்தேன். "உம்மா, எனக்கு இப்ப ரெண்டு பிள்ளை. நீங்க இன்னும் அந்தக் கலியாணத்திலயே நிக்கிறீங்க."
மஃரிப் தொழுதுவிட்டு இருந்தபோது ராத்தா செய்தது நினைவுக்கு வரவில்லை. நான் சொன்னதுதான் வந்தது. நீங்க செத்தாலும் உங்கட மையத்து வீட்டுக்கு வரமாட்டன் என்று தெருவில் வைத்து, எல்லோரும் கேட்கச் சொன்னேன். அதற்கு நான்தான் மாப்புக் கேட்க வேண்டும்.

ஜன. 21, புதன்
போனேன். ராத்தா முற்றத்தில் நெல் காயவைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. வாசலிலேயே நின்று சொன்னேன், அந்த வார்த்தைக்கு என்னைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லி.
காலால் நெல்லைக் கிளறினார்.
"அப்ப என்ட மையத்துக்கு வருவியோ?"
"வருவன் ராத்தா."
"இருந்து அழுவியோ, சும்மா பாத்திட்டுப் போவியோ?"
"அழுவன்."
"அப்ப சரி. உள்ளுக்கு வா."
குசினியில் பிளேன்ரீ ஊற்றித் தந்தார். இருவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. பிறகு ராத்தா அழுதார். தன் மகளுக்கு ஒரு இடமும் சரிவராத நேரம், என் மகளுக்கு வந்தது பொறுக்கவில்லையாம்.
"ஒவ்வொரு தொழுகையிலயும் அல்லாஹ்விட்டக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறன். உன்னட்டக் கேக்கத்தான் வாய் வரேல்ல."
பொறுத்துக்கொண்டேன் என்றேன். சொல்லும்போது பொய்யில்லை என்று எனக்கே தெரிந்தது.

ஜன. 22, வியாழன்
பெட்டி பூட்ட மறுத்தது. ராத்தா வந்து ஏறி உட்கார்ந்தார். பூட்டியது.
ராத்தாவுக்காகக் கேட்க வேண்டிய துஆ: மகளின் சுகப்பிரசவம். நல்ல மழை. சிவத்த பசுவின் மடி வீக்கம்.
பசுவுக்குமா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். அதுவும் அல்லாஹ் படைத்ததுதானே என்றார் ராத்தா.

ஜன. 23, வெள்ளி
வழியனுப்ப வந்த ராத்தா எங்கள் வான் வண்டியில் ஏறிவிட்டார். விமான நிலையம் வரை வருகிறாராம். மாற்றுடுப்புக்கூட இல்லை.
கனகராயன்குளம் வரை வாய் ஓயவில்லை. ஏழு வருடக் கதை. இடையில் என் சம்பலுக்கு உப்புக் கூடவாம். வீட்டுக்காரர் முன்சீற்றில் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டிருக்கிறார்.
இப்போது என் வலது தோளில் ராத்தாவின் தலை. நல்ல நித்திரை. கை மரத்துவிட்டது. அசைக்கவில்லை. இதை இடது கையால் எழுதுகிறேன், எழுத்தெல்லாம் கோணல்.