கவர்ச்சிக்குப் பத்துப் புள்ளி

ஜூன் 3, செவ்வாய்

விடியலில் இருந்து மழை. ஸ்டேஷன் றோட்டில் கணுக்கால் அளவு தண்ணீர். குடை நேற்று வேலை செய்யும் கொள்கலன் யார்டிலேயே விடுபட்டுவிட்டது.

செய்ய:
– கேஸ் சிலிண்டருக்குச் சொல்ல
– சப்பாத்துக்குள் பேப்பர் திணிக்க
– கேமில் ரிஸ்வானின் ஆளை மாற்ற (இன்றே)

ஒருகொடவத்தையில் வேலை முடிந்து நேரே ஆஸ்பத்திரி. என் நண்பன் ரிஸ்வானுக்குப் பாரிசவாதம் வந்து இன்று எட்டாம் நாள். லேசானது என்கிறார்கள். வலது கை தூக்க வராது. பேச்சு வருகிறது, ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் காத்திருக்க வேண்டும். நான் திராட்சை, பிஸ்கட் பெட்டி. அவன் மனைவி நஸ்ரினின் தம்பியும் அதே பிஸ்கட் பெட்டி. கட்டிலுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நஸ்ரினும் தம்பியும். எந்த டாக்டர் திறம், எப்போது வீட்டுக்கு விடுவார்கள், திரும்ப வேலைக்குப் போகலாமா என்று கதை. நடுவில் படுத்திருந்தவன் எங்கள் வாய்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

போக எழும்ப, இடது கையால் என் சேர்ட்டைப் பிடித்தான்.

"மச்சான். இன்னக்கி… மூணாந் தேதி."

எனக்கு உடனே விளங்கியது. நாங்கள் பதினாலு வருடமாகச் சேர்ந்து விளையாடும் ஒன்லைன் கேமில் அவனுடைய ஆளின் குணங்களை மாற்றக்கூடிய நாள். வருடத்துக்கு ஒரு தரம்தான். அவன் பாஸ்வேர்ட் என்னிடம் உண்டு.

"மன… மனவுறுதி. மத்தது… க…"

"கூர்மைதானே?"

தலையை ஆட்டினான். இல்லை.

"கவர்ச்சி."

நஸ்ரின் சிரித்துவிட்டாள். "இந்தக் கெடையிலயும் ஒங்களுக்குக் கவர்ச்சி கேக்குதா?" அவனும் பாதி வாயால் சிரித்தான்.

வீட்டில் என் மனைவி சுபா கேட்டாள், அப்படி என்ன அவசரம் என்று. விளங்கப்படுத்தினேன். நாங்கள் நித்திரை என்றாலும் கேமில் எங்கள் ஆள் படித்துக்கொண்டே இருப்பான். என்ன வேகத்தில் படிப்பான் என்பதை ஐந்து குணம் தீர்மானிக்கும்: புத்தி, நினைவு, கூர்மை, மனவுறுதி, கவர்ச்சி. ஒவ்வொன்றுக்கும் பத்துப் புள்ளி நிரந்தரம். மேலதிகமாக இருபது கையில், ஒன்றில் பத்துக்கு மேல் கூட்ட முடியாது. நிமிடத்துக்குக் கிடைக்கும் படிப்புப் புள்ளி, முதல் குணம் முழுதும் துணைக் குணத்தில் பாதியும். பீரங்கிப் படிப்புக்கு முதல் குணம் கூர்மை. படைத்தலைமைக்குக் கவர்ச்சி. இரண்டுக்கும் துணை மனவுறுதி.

"உங்கட ஆளுக்குக் கவர்ச்சி எவ்வளவு?"

"பத்து. பதினாலு வருசமா பத்துத்தான்."

"தெரியும்," என்றாள் சுபா.

ரிஸ்வான் எங்கள் கேம் கூட்டத்திலேயே கை வேகமான ஆள். நான் கணக்குப் போடுவேன், அவன் சண்டை பிடிப்பான். கவர்ச்சியை வைத்து அவன் என்ன செய்ய? மருந்து மயக்கத்தில் சொன்னது. எழும்பி வரும்போது பெரிய பீரங்கி ஆயத்தமாக நிற்க வேண்டும்.

ரி. சொன்னது: மனவுறுதி 20, கவர்ச்சி 20.
நான் போட்டது: கூர்மை 20, மனவுறுதி 20. மற்றதெல்லாம் பத்து.

பிறகு எனக்கு நன்றி சொல்வான்.

ஜூன் 4, புதன்

மழை விட்டு வெக்கை. யார்டில் கொள்கலன் அடுக்கில் குழப்பம். நாளைக்குப் போக வேண்டியது அடியில், அதற்கு மேல் நாலு. நான் திட்டம் போட்ட அடுக்கு இல்லை, ஆனாலும் பேச்சு வாங்கியது நான்.

இரவுச் சாப்பாடு இடியப்பம், சொதி. சுபா சும்மா கேட்டது: "அவர் சொன்னபடிதானே மாத்தினீங்கள்?"

"ஓம்," என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

ஜூன் 19, வியாழன்

ரி.யின் வீட்டுக்கு. கொம்பனித்தெருவில் அவர்களுடைய பழைய வீட்டை இடித்த பிறகு கிடைத்த பிளாட், பதினேழாம் மாடி. கீழே காவலாளி, "காவத ஹம்ப வென்ன ஓனே?" யாரைப் பார்க்க என்று ஒவ்வொரு முறையும் கேட்பான். ஆறு வருடமாக இதே முகத்தைத்தான் பார்க்கிறான்.

பிரிட்ஜ் கதவில் நஸ்ரினின் எழுத்தில் ஒரு தாள். பேச்சுப் பயிற்சி தரும் மிஸ் சொன்னதாம்.

சொல் எடுத்துக் கொடுக்கக் கூடாது.
பத்து வரை எண்ணவும்.
அவரைப் பற்றி அவர் முன்னால் பிறரிடம் கேட்க வேண்டாம். அவரிடமே கேட்கவும்.

வாசித்துவிட்டு உள்ளே போய், நஸ்ரினிடம் கேட்டேன்: "இப்ப சாப்பாடு எல்லாம் ஒழுங்கா சாப்பிடுறானோ?" அவள் பிரிட்ஜ் கதவில் இருந்த தாளைக் காட்டினாள்.

ரி. பால்கனியில். கீழே ரயில் பாதை, அதற்கு அப்பால் ஏரி.

"மச்சான். மாத்… மாத்…"

"மாத்தினன், மாத்தினன். நீ ஓய்வெடு."

"ஏன் செல்லினேன் எண்டா… ஜெ…"

"பிறகு கதைப்பம். களைச்சுப் போவாய்."

அவன் வாயை மூடிக்கொண்டான். கொஞ்ச நேரத்தின் பின், "தேங்க்ஸ் மச்சான்". அந்த இரண்டு சொல்லுக்கு எவ்வளவு நேரம் பிடித்தது என்று எனக்குத் தெரியும். இஞ்சித் தேத்தண்ணி குடித்தேன், ருசி இல்லை. 100ஆம் இலக்க பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன்.

ஜூலை 12, சனி

எழுதவே விருப்பமில்லை.

மத்தியானம் நஸ்ரின் போன். "குகன் அண்ணா, இன்னக்கி கேம் தொறக்கப் போறாராம். நீங்களும் வரணுமாம்." சுபா தேங்காய்ப்பூ பிஸ்கட் செய்து தந்தாள். போகும் வழியெல்லாம் ஒரு நல்ல பொய் தேடினேன். கிடைக்கவில்லை.

மவுஸை இடது பக்கம் மாற்றி வைத்திருந்தான். பாஸ்வேர்டை ஒற்றை விரலால் அடித்தான். நான் கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன், கீபோர்டுக்குப் போகாமல்.

திறந்தவுடன் திரை நடுவில் பெரிய எழுத்து: வாழ்த்துகள், பெரிய பீரங்கி நான்காம் படி முடிந்தது.

அவன் அதைப் பார்த்தான். தன் வலது கையைப் பார்த்தான். பிறகு குணப் பக்கத்தைத் திறந்தான். கவர்ச்சி: பத்து.

பேச்சு மிஸ் சொன்னபடி எண்ணினேன். பத்துக்கு மேல் போய்விட்டது.

"நான்… செல்லினேன் தானே?"

"ஓம்."

"நீ கேட்டாய் தானே? கூர்மையா எண்டு… கேட்டாய். நான் இல்லண்டு… தலய ஆட்டினேன்."

"ஓம் மச்சான். நான் நினைச்சன் மருந்து மயக்கம் எண்டு. நீ எழும்பி வந்தா சண்டைக்குப் போவாய் எண்டு நினைச்சன்."

"எந்தக் கையால?"

அன்று ஆஸ்பத்திரியில் அந்தக் கையைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான்தான்.

பிறகு அவன் சொன்னது, கிட்டத்தட்ட அரை மணி நேரம் எடுத்து. டொரோண்டோவில் இருக்கும் ஜெகன் அண்ணைதான் எங்கள் சனிக்கிழமைக் கேம் கூட்டத்தின் தலைவர். வேலை மாறுவதால் ஓகஸ்ட் 2 உடன் விலகுகிறார். ரி.க்கு மே மாதமே தனியாகச் சொல்லியிருக்கிறார்: படைத்தலைமை ஐந்தாம் படி முடித்திருந்தால் இடம் உனக்கு. அப்போது அவன் பெரிதாக யோசிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் நாலாம் நாள்தான் யோசித்தானாம். தலைவருக்குக் கை வேகம் தேவையில்லை. கதைக்க வேண்டும், மற்றவர்கள் காத்திருந்து கேட்பார்கள். பேச்சு மிஸ்ஸும் சொன்னாவாம், எவ்வளவு கதைக்கிறீர்களோ அவ்வளவு நல்லது என்று.

"முப்பது பேர்… நான் செல்லி முடிக்கிற வரைக்கும்… பொறுத்து ஈப்பாங்க. வேற எங்க ஈக்கி… அப்பிடி ஒரு எடம்?"

இதைத்தான் அன்று பால்கனியில் சொல்ல வந்தான். களைச்சுப் போவாய் என்று வாயடைத்தது நான்.

பிஸ்கட் டப்பா திறக்கப்படவேயில்லை.

ஜூலை 13, ஞாயிறு

மாதா கோயில் மணி, மீன்காரன், கீழ் வீட்டில் டிவி. காலை முழுக்கக் கணக்கு.

அவன் சொன்னபடி மாற்றி ஜூன் 3 படைத்தலைமையைத் தொடங்கியிருந்தால் நிமிடத்துக்கு முப்பது. முடிவு ஜூலை 30. மூன்று நாள் மிச்சம். படுத்த கிடையில், மருந்து மயக்கத்தில், மனதுக்குள்ளேயே சரியாகக் கணக்குப் போட்டிருக்கிறான். கணக்குக்காரன் என்று பெயர் எடுத்தவன் நான்.

என் அடுக்கில், நேற்றுத் தொடங்கினால் நிமிடத்துக்கு இருபது. முடிவு ஒக்டோபர் 5.
கேமில் குணம் கூட்டும் மூளைச் சில்லு எல்லாம் பொருத்தினால் செப்டம்பர் 15.
சில்லு பொருத்தி, நான் கும்பிட்டு, தெய்வமும் இறங்கி வந்தால், அப்போதும் செப்டம்பர் 15.

கேம் கம்பெனிக்குக் கடிதம். எல்லாம் உள்ளபடி எழுதினேன்: நண்பனுக்குச் சுகமில்லை, அவன் சொன்னது வேறு, பிழை என்னுடையது. அனுப்ப முன்னர் நாலு தரம் வாசித்தேன். அவனைப் பற்றி நான் எழுதுகிறேன், அவனிடம் கேட்காமல். இதுவும் அதே பழக்கம்தான். போன் எடுத்துக் கேட்டேன். "அனுப்பு," என்றான். வேறொன்றும் கதைக்கவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

பதில் வந்தது. இரண்டு வரி. வருந்துகிறோம், மாற்றம் வருடத்துக்கு ஒரு முறை மட்டுமே. பிறருடைய கணக்கைத் திறப்பது விதிக்கு முரண் என்றும் ஒரு குட்டு. சரிதான்.

சுபாவிடம் உண்மையைச் சொன்னேன். ஜூன் 4 பொய்யையும் சேர்த்து. மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

"நீங்கள் எனக்கும் இதைத்தான் செய்யிறனீங்கள். கடையில நான் ஒரு சீலையை எடுத்தா, 'உமக்கு மற்றது தான் வடிவு' எண்டு அதை பில் போட்டு முடிச்சிடுவியள்."

"வடிவாத்தானே இருந்தது?"

"வடிவுதான். நான் கேட்டது அதில்லை."

அந்த நீலச் சேலையை அவள் ஒரு நாளும் உடுத்தியதில்லை என்பது இன்றைக்குத்தான் உறைத்தது. ஐந்து வருடம்.

கூட்டத்தைத் தள்ளிப்போட முடியுமா என்று ஜெகன் அண்ணையிடம் கேட்டேன் (இந்த முறை ரி.யிடம் சொல்லிவிட்டு). 9ஆம் திகதி பெரிய சண்டை, அதற்கு முன்னர் தலைவர் வேண்டும், மன்னித்துக்கொள்ளும் என்றார்.

ஓகஸ்ட் 2, சனி

வெயில். கடற்கரைப் பக்கம் போய் வந்தேன், சும்மா. மனம் நிற்கவில்லை.

ஆறரைக்கு ஒன்லைனில் கூட்டம். முப்பத்தொரு பேர். நான் எப்போதும் எழுத்தில்தான், மைக் திறந்து இரண்டு வருடம் இருக்கும். எழுதி வைத்து வாசித்தேன்.

"குகன் கதைக்கிறன். ரிஸ்வான் இண்டைக்குத் தகுதி இல்லாமல் நிக்கிறதுக்குக் காரணம் நான். அவன் சொன்னதை நான் செய்யேல்ல. அவனைவிட எனக்குக் கூடத் தெரியும் எண்டு நினைச்சிட்டன். பிழை முழுக்க என்ர."

யாரோ இருமினார்கள். மட்டக்களப்புத் துசி மட்டும், "சரி அண்ணா, சொன்னதே போதும்" என்றாள். நல்ல பிள்ளை. படைத்தலைமை ஐந்தாம் படி போன மாதம் முடித்தவள்.

ஜெகன் அண்ணை கேட்டார்: "ரிஸ்வான், நீர் ஒரு சொல் சொல்லும். விதியைக் கொஞ்சம் தளர்த்தி உமக்கே குடுக்கலாம் எண்டும் சில பேர் சொல்லினம்."

"நான்… செல்றது… இந்த எடத்த…"

நின்றுவிட்டது.

எனக்கு அடுத்த சொல் தெரியும். "எனக்கு". எனக்கே தாருங்கள் என்றுதான் வரப்போகிறது. விரல் மைக் பட்டனில் இருந்தது. முப்பத்தொரு பேரும் சத்தமில்லை. ஒருவர் வீட்டு மின்விசிறி மட்டும் கேட்டது. ஐந்து. ஆறு. யாராவது எடுத்துக் கொடுத்தால் என்ன என்று இருந்தது. பட்டனில் இருந்து விரலை எடுத்து, கையைத் தொடைக்குக் கீழே வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன். ஒன்பது. பத்து. பதினொன்று.

"துசிக்கு… குடுங்க. தளர்த்த… தேவல்ல."

நான் எடுத்துக் கொடுத்திருந்தால் "எனக்கு" என்றுதான் கொடுத்திருப்பேன். அவனும் மரியாதைக்காக அதையே விழுங்கியிருப்பான்.

துசி தலைவி. எல்லோரும் கைதட்டல் படம் போட்டார்கள். நானும்.

ஓகஸ்ட் 3, ஞாயிறு

மப்பு வானம். கேஸ் முடிந்துவிட்டது, காலையில் கடைப் பாண்.

பத்து மணிக்குப் பழக்க தோஷத்தில் ரி.யின் கணக்குக்குள் போகப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவனுடைய ஆளின் படிப்பு வரிசையை நிரப்புவது என் வேலை, எத்தனையோ வருடமாக. பாஸ்வேர்ட் பிழை என்றது. எழுத்துத் தவறாக்கும் என்று இன்னொரு தரம். பிழை.

மாற்றிவிட்டான். பதினாலு வருடத்தில் முதல் தரம். இடது கையால், ஒவ்வொரு எழுத்தாக, இரண்டு முறை அடித்து உறுதி செய்திருப்பான்.

அவன் செய்தது சரி. சரி என்று நூறு தரம் எழுதினாலும் நெஞ்சுக்குள் கனம் குறையவில்லை. எனக்கு அழுகை வந்தது, சுபா குளித்துக்கொண்டிருந்தாள், அது நல்லது.

என் ஆளின் மாற்ற நாள் இந்த மாதம் 20. என்ன போடலாம் என்று ரி.யிடம் கேட்க வேண்டும். கேட்டால், சொல்வதைப் போட வேண்டும்.

11.40. நண்பர்கள் பட்டியலில் அவன் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி. உள்ளே இருக்கிறான். "மச்சான்" என்று அடித்தேன். அழித்தேன். முதலில் அவன் எழுதட்டும்.

12.15. எழுதுகிறான் என்று காட்டுகிறது. நின்றுவிட்டது. திரும்பக் காட்டுகிறது.

12.20. இன்னும் ஒன்றும் வரவில்லை. சுபா சாப்பிடக் கூப்பிடுகிறாள். கொஞ்சம் பொறும் என்றேன்.