ஜமக்காளத்தை எப்போது துவைப்பது

21 செப்டம்பர் 1954, செவ்வாய்
அக்டோபர் ஒன்பதாம் தேதி மாதா சுரூபம் எங்கள் வீட்டுக்கு வருகிறது. ஜெபமாலை மாதத்தில் தினம் ஒரு வீடு. முப்பது பேராவது முழந்தாளிட இடம் வேண்டும். எங்கள் பாய்கள் நார்நாராகக் கிடக்கின்றன. ஊர் திரும்பும் வெள்ளைக்காரர் ஒருவர் தன் கம்பளி விரிப்பை ஏலம் விடுகிறார். அப்பாவுக்கு அதன் மேல் கண். வீட்டில் ஒன்பது பேர், அதில் அண்ணன் பிள்ளைகள் மூன்று. "சேற்றுக் காலோடு ஏறினால் துரை கப்பலில் திரும்பி வந்து துவைப்பாரா?" என்றேன். அப்பா பேப்பரை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டார்.

22 செப்டம்பர்
துவைக்கக் கூடியதுதான் வேண்டும். முடிவு.

25 செப்டம்பர், சனி
நான் பாடம் எடுக்கும் பள்ளிக்கூடம் இன்று அரை நாள். அம்மாவோடு தேவராஜ மார்க்கெட் பக்கம், சுப்பையா கடை. தேங்காய் நார் விரிப்பு முழங்காலைக் குத்துகிறது. நனைந்தால் காய இரண்டு நாள். பவானி ஜமக்காளம் நல்ல பருத்தி. கைக்குட்டையை நனைத்துச் சிவப்புப் பட்டையில் தேய்த்தேன். காயத்தைத் துடைத்த மாதிரி ஆனது.

"முதல் தண்ணியில கொஞ்சம் விடும் தாயி, அப்புறம் நிக்கும்."

"எங்க முழங்கால்லயா நிக்கும்?"

அம்மா சிரித்துவிட்டாள். நீலமும் கறுப்பும் கலந்த இன்னொன்று சாயம் விடவில்லை. விரித்தால் கூடம் முழுக்க, வாசல் நிலை வரை வரும். அந்த நீளம்தான் எனக்கு வேண்டியது.

காரணம் மாதேவி. ஆஸ்பத்திரியில் வார்டு கூட்டுகிறாள். ஞானஸ்நானம் பெற்று மூன்று வருடம். மரியாள் என்று பெயர் வைத்தார்கள், கோயிலில் ஒருவரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. போன அக்டோபரில் எல்லா வீட்டிலும் வாசற்படிக்கு வெளியேதான் முழந்தாளிட்டாள். எங்கள் வீட்டிலும்தான். நான் உள்ளே மங்கள வார்த்தை ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தேன் - வெட்கமாக இல்லையா எனக்கு? இந்த வருடம் அவள் உள்ளே வருவாள். ஒரே விரிப்பில், எங்களோடு. வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

28 செப்டம்பர், செவ்வாய்
விக்டோரியா அத்தை, அப்பாவின் அக்கா, நான் சொல்லும் எதையும் ஒத்துக்கொள்ளாதவர், இன்று எனக்காகப் பேசினார். "டோரதி சொல்றதுதான் சரி தம்பி. துவைக்கிற சாமான்தான் நல்லது." அப்பா இறங்கி வந்தார். நீல ஜமக்காளம் வீட்டுக்கு வந்துவிட்டது. ஆச்சரியம் எனக்கு இன்னும் தீரவில்லை.

30 செப்டம்பர், வியாழன்
தீர்ந்தது. சமையலறையில் அத்தை, அண்ணன் மனைவி ஜெசிந்தாவிடம்: "கம்பளின்னா அந்த மாதேவி உக்காந்தது உக்காந்ததுதான். இதுன்னா மறுநாளே சோடா போட்டு ஊற வச்சிடலாம்."

சீ! நானே தேடிப் பிடிச்சு வாங்கிக் கொடுத்திருக்கேனே. உள்ளே போய்க் கேட்டேன்.

"சுத்தத்தைச் சொன்னேன்டி. சுத்தம் பாவமா?"

திருப்பிக் கொடுத்துவிடலாமா? கொடுத்தால் கம்பளி வரும். கூடாது. ஜமக்காளம் இருக்கும். மாதேவி அதில் இருப்பாள். மறுநாள் அதை யாரும் துவைக்கப் போவதில்லை.

9 அக்டோபர், சனி
மாதேவி படியிலேயே நின்றாள். "பேடம்மா, வேண்டாம், நான் இங்கயே இருக்கேன்." கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தேன். என் பக்கம் தவிர அவளைச் சுற்றி ஒரு முழம் காலியானது. அம்மா எழுந்து வந்து அந்தக் காலி இடத்தில் முழந்தாளிட்டாள். நான் சொல்லவேயில்லை.

10 அக்டோபர், ஞாயிறு
பூசை முடிந்து வந்தால் அத்தை ஜமக்காளத்தைச் சுருட்டுகிறார். அண்டாவில் தண்ணீர் தயார். ஞாயிற்றுக்கிழமை வேலை செய்வது பாவம் என்று எங்களை ஒரு கைக்குட்டைகூட அலசவிடாத அத்தை! பாதிச் சுருளின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"எழுந்திருடி. ஊற வைக்கணும்."

"என்னையும் சேர்த்து ஊற வையுங்க. அவ பக்கத்துலதானே இருந்தேன்."

அம்மா வந்து என்னருகே உட்கார்ந்தாள். "அப்ப நானும்தான், அண்ணி."

அப்பா தொண்டையைச் செருமினார். "அக்கா, இன்னிக்கு ஞாயித்துக்கிழமை. இந்த வீட்ல யாரும் துவைக்கக் கூடாது." அவர் மாதேவிக்காகச் சொல்லவில்லை. பரவாயில்லை, எடுத்துக்கொள்கிறேன்.

11 அக்டோபர்
மாலை பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி வந்தேன். ஜமக்காளம் உலர்ந்தே இருந்தது. அம்மா அதன் மேல் தையல் மெஷினைப் போட்டு நாள் முழுக்கத் தைத்தாளாம்.

13 அக்டோபர், புதன்
மாதா ஏன் மாதேவி வீட்டுக்குப் போகக் கூடாது என்று கோயில் உபதேசியாரிடம் அம்மாவும் நானும் கேட்டோம். பட்டியல் நிரம்பிவிட்டதாம். "எங்கே, காட்டுங்க" என்றேன். நாளைய தேதி காலி. அவரே முகம் சிவந்து அவள் பெயரை எழுதினார். அவள் வீட்டில் விரிக்க ஒன்றும் இல்லை; ஜமக்காளத்தை அண்ணன் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்தான்.

15 அக்டோபர், வெள்ளி
நேற்று மாதேவி வீட்டு ஜெபத்துக்கு அத்தை வரவில்லை. தலைவலி. இன்று மாதேவியைப் பார்த்தேன்.

"துவைச்சுக் கொண்டாந்து தரேன் டீச்சரம்மா."

"துவைச்சா வாங்க மாட்டேன்."

அப்படியே மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, கூடத்தில் அவளே விரித்துவிட்டுப் போனாள்.

20 அக்டோபர், புதன்
ஐந்து நாளாக அதைச் சுற்றிச் சுற்றி நடந்த அத்தை, இன்று முறத்தோடு வந்து அதன் ஓரத்தில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கினார். மனம் மாறிவிட்டார் என்று எழுத மாட்டேன். தரை சில்லிடுகிறதாம். சனிக்கிழமை துவைக்க வேண்டும். பிள்ளைகள் மை கொட்டியிருக்கிறார்கள்.