ஒருதரம் மட்டும் கூப்பிடுகிறவர்

இஞ்சரும்,

என்னை விட்டிட்டு நீர் போயிருக்கிற றிச்மண்ட் ஹில்லில் உம்முடைய அண்ணை வீடு இப்ப உமக்கு ஒத்துவந்திருக்கும்.

எங்கள் ஃபக்டரிக்காரர் இலையுதிர்காலத்தில் மூஸ் மான் வேட்டைக்குப் போகிறார்கள். இடத்தையும் வழிகாட்டியையும் தெரிவுசெய்கிற வேலை எனக்கு. நியூஃபவுண்ட்லாந்தில் ஒருவர், மூஸ் நிச்சயம் என்றார். வடக்கே கொக்ரேன் பக்கத்தில் இன்னொருவர், மரப்பட்டைக் குழலில் பெண்மூஸ்போல ஒருதரம் கூப்பிட்டுவிட்டுப் பேசாமல் இருப்பாராம். திரும்பத் திரும்பக் கூப்பிட்டால் வருகிற ஆண்மூஸ் பயந்து காட்டுக்குள் போய்விடுமாம்.

அவரையே பிடித்துவிட்டேன். எனக்குச் சுடத் துவக்கு வேண்டாம் என்றும் சொன்னேன். அன்றிலிருந்து கண்ணை மூடினால் பனிப்புகார் மூடிய ஏரிதான் தெரிகிறது. அக்கரையில், வரலாமா என்று யோசித்தபடி ஒரு பெரிய நிழல் நிற்கிறது.

"சும்மா சும்மா ஃபோன் அடிக்காதேங்கோ" என்று அன்றைக்கு அழுதீர். இனி அடிக்கமாட்டேன். இந்த ஒரு கடிதம்தான். போட்டுவிட்டுப் பேசாமல் இருக்கிறேன்.

உம்முடைய மனுசன்