சுருங்காத தோல்

அன்புள்ள காதர் மச்சானுக்கு,

நீ போன பிறகு, உன்னிடம் சொல்லியே ஆகவேண்டிய ஒரு சேதி எனக்கு வரும் என்று நான் நினைக்கவே இல்லை. நீ இருந்திருந்தால் சைக்கிளை எடுத்துத் திண்டுக்கல்லுக்கு ஒரே மிதியாக மிதித்து வந்திருப்பேன். இனி யாரிடம் போய்ச் சொல்ல? அதனால்தான் எழுதுகிறேன். ஊரார் படித்தாலும் படிக்கட்டும். அன்றைக்குச் சிரித்தவர்களும் அவர்கள்தானே.

நம் பிக்கப் வண்டி இன்னும் எங்கள் எரியோட்டுத் தோட்டத்தில்தான் நிற்கிறது. யுத்தத்தில் ஓடிக் களைத்து ஏலத்துக்கு வந்த வண்டி. அந்த அளவு டயர் எங்கேயும் கிடைக்காததால், வேறு வண்டியின் வீல்களை வாங்கி மாட்டலாம் என்றாய். தக்காளி ஏற்றிச் சந்தைக்கு ஓட்டலாம், உன் அண்ணனுடைய தோல் பதனிடுகிற ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்குகிற பிழைப்பை விட்டுவிடலாம் என்று வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாய். அந்தத் தொட்டியிலிருந்து வெளியே வர உனக்கு வேறு வழி இருக்கவில்லை.

வீலில் ஐந்து ஓட்டை இருந்தால் மட்டும் போதாது, ஓட்டைக்கு ஓட்டை இடைவெளியும் ஒத்துவர வேண்டும் என்று சொன்னவனும் நீதான். நான் அளப்பதற்குக் கயிறு கொண்டுவந்தேன். நீ சிரித்தாய்.

"கயிறு இழுத்தா நீளும் மாப்ளே. தோலு சொன்ன சொல்லு மாறாது."

முன்சக்கரத்தைக் கழற்றி, அந்த ஐந்து போல்ட்டின் மேலும் ஒரு தோல் துண்டை வைத்துத் தட்டினாய். பதிந்த இடங்களில் ஓட்டை போட்டாய்.

"காஞ்சா சுருங்காதா?" என்று கேட்டேன்.

"ஏலே, ஆவாரம்பட்டையில ஊறிக் காஞ்ச தோலுடா. இனிமே சுருங்க அதுல என்ன இருக்கு? தோலைப் பத்தி எனக்கே பாடம் எடுக்கிறியா?"

திருச்சியில் பழைய சாமான் கடையில் அந்தத் தோலை வீல் வீலாக வைத்துப் பார்த்து, கச்சிதமாகப் பொருந்திய நான்கைப் பொறுக்கினோம். வந்ததும் வராததுமாக, பாரம் தாங்குகிற பக்கம் முதலில் ஆகட்டும் என்று பின்னால் ஜாக்கி வைத்தோம். இரண்டு போல்ட் நுழைந்தது. மற்றது நுழைய மாட்டேன் என்றது. நான்கு வீலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தோம். கடைசியில் நீ தோலை எடுத்து அந்தப் போல்ட்களின் மேல் வைத்தாய். அதுவும் உட்காரவில்லை.

"சுருங்கிருச்சு மாப்ளே," என்றாய். உன் முகம் செத்துப்போயிற்று.

பூட்டுப் பட்டறை ஆட்கள் அரம் போட்டு ஓட்டையை அகலப்படுத்தித் தருகிறோம் என்றார்கள். நீ ஒத்துக்கொள்ளவில்லை. "பாரத்தோட போறப்ப வீலு கழண்டா எவன் உசுரு போகும்?" என்று கேட்டாய். திருச்சிக்காரனோ விற்ற சாமானைத் திருப்பி வாங்க மாட்டேன் என்று கையை விரித்துவிட்டான்.

உன் அண்ணன் சும்மா விட்டாரா? "தோலு சுருங்குறது தெரியாதவன் நம்ம வீட்டுப் புள்ளையா?" என்று நாலு பேர் முன்னால் கேட்டார். நீ மறுபடியும் தொட்டியில் இறங்கிவிட்டாய். அதற்கப்புறம் எரியோட்டுப் பக்கம் நீ வரவே இல்லை. நான் வந்தால் டீ வாங்கிக் கொடுப்பாய், வண்டிப் பேச்சை எடுத்தால் எழுந்துவிடுவாய். இருமலோடு படுத்த படுக்கையில்கூட, "தோலைப் போயி நம்புனேன் பாரு மாப்ளே" என்றாயே. "விடுடா" என்றுதான் சொன்னேன்.

போன வாரம் வேடசந்தூரிலிருந்து பழைய இரும்பு வியாபாரி ஒருவர் வண்டியை விலைக்குக் கேட்டு வந்தார். வண்டியை இழுத்துப்போக முன்னால் ஒரு சக்கரமாவது உருள வேண்டுமே என்று, மாட்டுக்கொட்டகையில் கிடந்த நம் வீல் ஒன்றைத் தூக்கி முன்பக்கம் வைத்தார். 'டக்'கென்று உட்கார்ந்தது மச்சான்! ஐந்து போல்ட்டும்!

அவர் பின்னால் போய்க் குனிந்து பார்த்துவிட்டு வந்தார். "அண்ணே, பின் அச்சு இந்த வண்டியோடது இல்லண்ணே. எவனோ முன்னாடியே மாத்திப்புட்டான். போல்ட் இடைவெளியே வேற."

நான் வீட்டுக்குள் ஓடிப் பரணிலிருந்து உன் தோலை எடுத்துவந்தேன். விறைத்துக் கறுத்துக் கிடந்தது. இன்னொரு முன்சக்கரத்தைக் கழற்றி அந்தப் போல்ட்களின் மேல் வைத்தேன். ஒரு மயிரிழைகூட மாறவில்லை. அந்த மண்ணிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். வந்த மனுஷர் பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தார்.

முன்சக்கரத்தில் எடுத்த அளவைப் பின்சக்கரத்தில் வைத்துப் பார்த்தோமே, அடப்பாவி! ஒரு வண்டிக்கு நான்கு சக்கரமும் ஒன்றுதானே என்று இரண்டு பேருமே நினைத்துவிட்டோமே. ஜாக்கியைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தியிருந்தால் உனக்கு அன்றைக்கே தெரிந்திருக்காதா? ஒரு பின் அச்சு தேடுவதா பெரிய காரியம்? தேடியிருப்போமே. நீ மறுபடி அந்தத் தொட்டியில் இறங்காமலே இருந்திருப்பாயே.

வண்டியை விற்கவில்லை மச்சான். பின் அச்சுக்கு அந்த வியாபாரியிடமே சொல்லி வைத்திருக்கிறேன். மாட்டியதும் தக்காளி ஏற்றிக்கொண்டு திண்டுக்கல்லுக்கு வாரேன். முதலில் உன் அண்ணன் ஷாப்பு வாசலில்தான் நிறுத்துவேன். நாலு பேரை வரச்சொல்லி, முன்சக்கரத்தைக் கழற்றி, தோலை அவர் கையிலேயே கொடுத்து அந்தப் போல்ட் மேல் வைக்கச் சொல்வேன். அவர் வாயாலேயே சொல்லட்டும். அதைக் கேட்டுவிட்டு நேரே உன் கபருக்கு வந்து, உன் காதுக்கு எட்டுகிற மாதிரி நானும் ஒரு தரம் சொல்லுவேன்: உன் தோலு சுருங்கலடா.

உன் மாப்பிள்ளை,
எரியோடு பெருமாள்