சிவப்புக் கோடு போட்ட சிரிஞ்சு

அன்புள்ள கப்பல்காரருக்கு,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். மணி ஒன்றரை. உங்கள் கப்பலுக்குக் காலை ஆறு மணிக்குத்தான் மெயில் வரும் என்று தெரியும். ஆறு மணிக்கு முதலில் இதுதான் உங்கள் கண்ணில் பட வேண்டும். தவிர, எழுதிக்கொண்டிருந்தால் நான் தூங்கிவிட மாட்டேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். குட்டி தூங்குகிறான். மூச்சு சீராக இருக்கிறது. இப்போதுதான் பார்த்துவிட்டு வந்தேன்.

நீங்கள் கிளம்புவதற்கு முந்தின நாள் செம்பருத்திகளுக்கு மாவுப்பூச்சி மருந்து அடித்தீர்களே, அப்போது லிட்டருக்கு இரண்டு மில்லி அளக்க வேறு எதுவும் கிடைக்காமல், குட்டியின் காய்ச்சல் மருந்தோடு வந்த சிரிஞ்சுகளில் ஒன்றை எடுத்தீர்கள். இரண்டும் அச்சாக ஒன்றுபோல இருக்கும் என்று, செடிக்கானதில் நகப்பூச்சால் சிவப்புக் கோடு போட்டது நான்தான். பெரிய கெட்டிக்காரத்தனம் செய்துவிட்டதாக நினைப்பு.

மறுநாள் விடியற்காலையில் பெட்டியைப் பூட்டிக்கொண்டே, "ஒரு சிரிஞ்சு உடைஞ்சு போச்சும்மா, தூக்கிப் போட்டுட்டேன்" என்றீர்கள். நான் உங்கள் சட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். எது என்று கேட்கவில்லை.

நேற்று சாயங்காலம் குட்டிக்கு உடம்பு சுட்டது. ஒன்பது மணிக்கு, சமையலறைத் தொட்டி பக்கத்தில் டம்ளரில் நின்ற சிரிஞ்சில் காய்ச்சல் மருந்து ஐந்து மில்லி எடுத்து ஊட்டினேன். அதைக் கழுவும்போதுதான் நீங்கள் சொன்னது ஞாபகம் வந்தது. மீதி இருப்பது எது? கோடு இல்லை, அப்படியானால் குட்டியுடையதுதான் என்று ஒரு நிமிடம் நிம்மதி. பிறகு பூச்சிமருந்து பாட்டிலைப் பார்த்தேன். மருந்து வழிந்த இடத்தில் லேபிளின் அச்செழுத்தே கரைந்திருந்தது. எழுத்தையே கரைக்கிற மருந்துக்கு என் நகப்பூச்சு எம்மாத்திரம்? கெமிஸ்ட்ரி படித்தவள், கோடு போடும்போதே யோசித்திருக்க வேண்டாமா?

கீழ்வீட்டு அக்காவைத் தட்டி எழுப்பி, அவர் வண்டியில் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டரம்மா பாட்டிலை வாங்கி ஒரு வரி விடாமல் படித்தார். குட்டியின் கண்ணில் டார்ச் அடித்தார். இரண்டு மணி நேரம் வைத்துப் பார்த்தார்கள். "நல்லா கழுவியிருந்தா ஒண்ணும் ஆகாது. ஆனா கழுவினீங்களான்னு எனக்குத் தெரியாதே" என்றார். எச்சில் வழிந்தாலோ, வாந்தி எடுத்தாலோ, மூச்சு மாறினாலோ உடனே தூக்கிக்கொண்டு வர வேண்டுமாம். காலை எட்டு மணி தாண்டிவிட்டால் பயமில்லையாம். வீடு இரண்டு தெரு தள்ளி என்பதால்தான் அனுப்பினார். கிளம்பும்போது, "செடிக்கும் பிள்ளைக்கும் ஒரே அளவாம்மா உங்க வீட்ல?" என்று ஒரு போடு போட்டார். எனக்குப் பரிந்து பேசுவதாக நினைத்து அக்கா, "அய்யோ, அவ ஒரு செடியக்கூட வாட விடமாட்டா டாக்டர்" என்றார். எனக்கு எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் குப்பைக் கூடையைக் கவிழ்த்துப் பார்த்தேன். நேற்றுக் காலையிலேயே குப்பை போய்விட்டிருக்கிறது. ஒரு பழைய பிளாஸ்டிக் மூடியில் நகப்பூச்சுக் கோடு போட்டு அந்த மருந்தில் முக்கி எடுத்தேன். கோடு பெரும்பாலும் கரைந்தது. ஒரு முனையில் மட்டும் சிவப்பு ஒட்டியிருந்தது.

செடிகளைப் பற்றியும் கேட்பீர்கள். மொட்டு உதிர்வது நின்றுவிட்டது. இலைக் கணுக்களில் வெள்ளையாக அப்பியிருந்ததெல்லாம் காய்ந்து விழுந்துவிட்டது. இரண்டு வருடமாக நீங்கள் நுனி கிள்ளி, தொட்டி மாற்றி, மண்ணில் விரல் விட்டு ஈரம் பார்த்து வளர்த்தீர்களே, நடுவில் சிவந்த அந்த மஞ்சள் செம்பருத்தி, அதன் முதல் மொட்டு காலையில் விரிந்துவிடும். நேற்றுக் காலை அதன் தொட்டியின் அடித்தட்டில் எறும்புகள் கொத்தாகச் செத்துக் கிடந்தன. மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று சந்தோஷமாக உங்களுக்கு எழுத இருந்தேன். இப்போது பால்கனிக் கதவைத் திறக்கவே கை வரவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டாக்டரிடம், என் வீட்டுக்காரர்தான் இரண்டையும் கலந்து வைத்துவிட்டார் என்று சொல்லிவிட்டேன். அது பொய். நீங்கள் செடிக்கானதைப் பால்கனியில்தான் வைத்தீர்கள். ஈரத்தோடு கிடக்கிறதே என்று உள்ளே கொண்டுவந்து, இரண்டையும் ஒரே டம்ளரில் நிறுத்தியது நான்.

இப்போது மூன்று மணி. நடுவில் போய்த் தொட்டுப் பார்த்தபோது தலையணை ஈரமாக இருந்தது. எச்சிலா, வியர்வையா என்று தெரியாமல் விளக்கைப் போட்டேன். வியர்வைதான். காய்ச்சல் விட்டிருக்கிறது. வெளிச்சத்துக்கு முகம் சுளித்து, உங்களைப் போலவே சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். இன்னும் ஐந்து மணி நேரம் இருக்கிறது.

ஒரு வரி போதும். உடைந்த சிரிஞ்சில் கொஞ்சமாவது சிவப்பு இருந்ததா? நினைவில்லை என்றால் நினைவில்லை என்றே எழுதுங்கள். என் மனசு ஆறட்டும் என்று மட்டும் எதையும் எழுதிவிடாதீர்கள். நீங்கள் அங்கே நல்லபடியாக இருக்க வேண்டும். சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
குட்டியின் அம்மா